பாலம் தாண்டினால் அம்மா

என் மகளுக்கு இரண்டு அம்மா. ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு, ஒருத்தி வீட்டுக்கு. வீட்டுக்கு நான்.

இப்படிச் சொன்னால், என் கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுக்கு அவருக்குத் துணிச்சல் கிடையாது. நடந்தது வேறு. 2004-இல் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அங்கே சீட்டு கிடைத்தால் குழந்தை கலெக்டர் ஆனமாதிரி என்று ஊர் பேசிக்கொண்டது. பிள்ளை பாஸாவதற்கு முன்னால் பெற்றவர்கள் பாஸாக வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் இல்லாத பிள்ளை இங்கே வந்து தேறாது என்பது அவர்கள் கொள்கை. வீட்டில் இருப்பதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது?

என் கணவருக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. தபாலில் பி.காம். முடித்தவர். ஒருமுறை தொழிற்சாலை இன்ஜினியர் ஒருவன் கடை வாசலில் நின்று அவரை இங்கிலீஷில் கிழி கிழி என்று கிழித்துவிட்டுப் போனான். திட்டினான் என்பது புரிந்தது, என்ன திட்டினான் என்பது புரியவில்லை. அன்று முதல் அவருக்கு இங்கிலீஷ் ஒரு காய்ச்சல். நான் பெண்ணாடத்துக்காரி. அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். பத்தாவதில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். இங்கிலீஷில் கோட்டு. மறுபடி எழுதினேன், மறுபடியும் கோட்டு. அதோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

"நீ வந்து வாயத் தொறந்தா சீட்டு போச்சு. எங்க அண்ணியக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அண்ணி என்றால் எனக்கு ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். அவர் மனைவி புதுச்சேரியில் கான்வென்ட்டில் படித்து இங்கிலீஷில் எம்.ஏ. வாங்கியவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் பேசும்போது நடுநடுவே கண்ணை மூடித் திறப்பாள், நாமெல்லாம் ரொம்பக் கூசுகிற வெளிச்சம் என்பதுபோல.

எங்கள் தெருவில் இது ஒன்றும் புதுசு இல்லை. எதிர்வீட்டுக்காரர் பாங்கியில் வேலை செய்த தங்கையை மனைவி என்று கூட்டிப்போய்த்தான் மகனைச் சேர்த்தார். பின்வீட்டில் சித்தப்பாவே அப்பாவானார். கல்யாணத்துக்குப் போக நகையை இரவல் வாங்குவதுபோல பெற்றவர்களை இரவல் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நானும் சரி என்றேன்.

ஒரு வாரம் மகளுக்குப் பயிற்சி நடந்தது. பெரியம்மாவைப் பார்த்து மம்மி என்று சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு அவளுக்கு வாய் ஜாஸ்தி. "இவுங்க பெரீம்மா. மம்மின்னா அம்மாதானே? அம்மா அதோ இருக்குது" என்று என்னைக் காட்டினாள். என் கணவர் அவள் தொடையைக் கிள்ளினார். இரண்டாவது கிள்ளலில் மம்மி வந்துவிட்டது.

நேர்முகத்தன்று அக்காவின் காட்டன் புடவைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். அவர்கள் மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வரும்போது மகள் கையில் சாக்லேட். "இது யார்னு பிரின்சிபால் கேட்டாங்க, கரெக்டா மம்மின்னு சொல்லிட்டா. செம ஷார்ப்" என்றார் கணவர். அதற்குக் கிடைத்த சாக்லேட்தான் அது. என்னை அம்மா என்று கூப்பிட்டதற்கு யாரும் அவளுக்கு ஒரு கடலைமிட்டாய்கூடக் கொடுத்ததில்லை.

சீட்டு கிடைத்த பிறகு இரவல் முடிந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் ஆண்டுவிழா உண்டு, பெற்றோர் கூட்டம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிதம்பரத்திலிருந்து அக்கா பஸ் ஏறி வந்தாள். தோளில் கைப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மிஸ்ஸிடம் குழந்தையைப் பற்றி விசாரித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். என் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று அவள் எனக்குச் சொல்வாள். அதையும் பாதி இங்கிலீஷில் சொல்வாள்.

தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விடுவதும், மத்தியானம் சுடுசோறு கொண்டுபோவதும், சாயங்காலம் அழைத்து வருவதும் நான். வாட்ச்மேன் என்னை "ஆயாம்மா" என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷர். மழை பெய்தால் நிற்க இடம் கொடுப்பார். என் கணவர் மகளுக்குக் கட்டளை போட்டிருந்தார்: "ஸ்கூல் கேட்டுக்கிட்ட இவள அம்மான்னு கூப்புடக் கூடாது. ஆன்ட்டின்னு கூப்புடு. எவனாவது கேட்டான்னா பேர அடிச்சி அனுப்பிடுவாங்க."

எங்கள் வீடு கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் பாலம். பாலத்தில் மிஸ்ஸுகள் ஸ்கூட்டியில் போவார்கள், மற்றப் பிள்ளைகள் ஆட்டோவில் போவார்கள். அதனால் பாலம் முடியும்வரை ஆன்ட்டி. பாலத்தின் கடைசி விளக்குக்கம்பம் வந்ததும் மகள் நின்று, திரும்பிப் பின்னால் பார்ப்பாள். முன்னால் பார்ப்பாள். பிறகு மெதுவாகக் கேட்பாள்: "இப்ப கூப்புடலாமா?"

"கூப்புடு."

"அம்மா!" என்று ஒரு கத்து. அதற்கப்புறம் வீடு வரும்வரை வாய் மூடாது. அடக்கி வைத்ததெல்லாம் கொட்டும். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அந்தக் கம்பத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டுவார்கள். அதில் ஒரு கழுதைப் படம். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது போகும். கட்டையை இறக்க வேண்டுமானால் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நாலு வயசிலேயே பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலை கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தப்பித்தன. மற்றவை சிக்கின. என் மகள் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தாள். வாயைத் திறப்பதே இல்லை. கட்டை ஒருநாளும் அவள் கழுத்துக்கு வரவில்லை. "வெரி கொயட் சைல்ட், ரொம்ப நல்லா வளத்திருக்கீங்கன்னு என்னைப் பாராட்டினாங்க" என்று அக்கா ஒரு கூட்டம் முடிந்து வந்து சொன்னாள்.

யு.கே.ஜி.யில் ஒருநாள் பென்சில் முனை உள்ளங்கையில் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது. காலையில் குத்தியது. மத்தியானம் நான் சோறு ஊட்டும்போதுகூடக் கையை மூடியே வைத்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் பாலம் தாண்டி, கம்பத்தடியில் நின்று, பின்னால் பார்த்து, முன்னால் பார்த்து, கூப்பிடலாமா என்று கேட்டு, அதற்குப் பிறகு கையைத் திறந்து காட்டி வீறிட்டு அழுதாள். உள்ளங்கை வீங்கிக் கறுத்திருந்தது. "ஏன்டி மிஸ்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல எப்படி சொல்றதுன்னு தெரியலம்மா" என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். வாயுள்ள பிள்ளையைத்தான் நாங்கள் அனுப்பியிருந்தோம்.

ஆனால் மார்க் வந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். மனப்பாடம் செய்வதில் அவளை அடிக்க ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒப்புவிக்கும் போட்டி வைத்தார்கள். தலைப்பு "மை மதர்". அக்கா அதை எழுதிக்கொடுத்தாள். நான்தான் மகளை அடுப்படியில் உட்காரவைத்து உருப்போட வைத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வரும். என் தாய் ஓர் ஆசிரியை. அவர் எனக்கு இங்கிலீஷ் கதைகள் படித்துக் காட்டுவார். அவர் என் வீட்டுப்பாடத்தில் உதவுவார். இந்த அர்த்தத்தில் இருந்த வரிகளை எல்லாம் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று சொன்னாள். ஒரு வரி விட்டுவிட்டால் நான் தலையில் குட்டி எடுத்துக்கொடுத்தேன்.

முதல் பரிசு. மேடைக்கு அம்மாவையும் கூப்பிட்டார்கள். அக்கா ஏறினாள். கோப்பையை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போட்டோவுக்கு நின்றார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் கூடையோடு நின்றிருந்தேன். பக்கத்தில் கூடையோடு நின்ற இன்னொரு பெண், "நீ எந்த வூட்ல வேல செய்யிற?" என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வூட்லதான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

2009-இல் என் கணவரின் அண்ணனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்தார்கள். குழந்தையை நாங்கள் கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறோம், எங்களுக்கும் யார் இருக்கிறார்கள் என்றார்கள். என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"பெத்தவ நான் ஒருத்தி இருக்கறன்" என்றேன்.

"யார் இல்லன்னா? அங்க படிச்சா அவ எங்கயோ போயிடுவா. நீ இங்க வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போற? உன்ன மாதிரி இங்கிலீஷ்ல கோட்டு அடிக்க விடப் போறியா?" என்றார். அண்ணன் முன்னால் சொன்னார், அக்கா முன்னால் சொன்னார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

விசாவுக்குத் தத்துப்பத்திரம் வேண்டும் என்றார்கள். "பத்திரம் விசாவுக்குத்தான். புள்ள எப்பவும் உன் புள்ளதான்" என்று என் கணவர் அடித்துச் சொன்னார். சிதம்பரம் பதிவு அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நானே அதைப் படித்தேன். தமிழில்தான் இருந்தது. என்னைப் "பெற்ற தாய்" என்று எழுதியிருந்தார்கள். என் மகளுடைய படிப்பு சம்பந்தமான ஒரு காகிதத்தில் நான் தாயாக இருந்தது அதுதான் முதல்தடவை. கொடுத்துவிடுவதற்காகத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கையெழுத்தாகப் போட்டேன்.

புறப்பட்டது சிதம்பரத்திலிருந்து. வாசலில் கார் நின்றது, சொந்தக்காரர்கள் நின்றார்கள். மகள் ஜீன்ஸ் போட்டு, தலையை விரித்துவிட்டுக்கொண்டு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பை ஆன்ட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வயதுதான், அதற்குள் எவ்வளவு விவரம் என்றார் ஒரு மாமா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். ஸ்பீக்கரில் போடுவார்கள். என் கணவர் கடைக்கு எதிரில் இருக்கும் ஆட்களையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு பேசுவார். எனக்குக் கடைசியில் கிடைக்கும். "சாப்ட்டியா கண்ணு?" என்றால் அந்தப் பக்கம் அக்கா குரல் கேட்கும்: "இங்கிலீஷ், இங்கிலீஷ்." மகள் "ஃபைன்" என்பாள். நான் எதைக் கேட்டாலும் ஃபைன்தான்.

போய்ச் சேர்ந்த புதிதிலேயே ஒன்று நடந்திருக்கிறது. அதை அக்காவே எனக்குப் பெருமையாகச் சொன்னாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார்களாம். வேறு மொழி என்றால் பரீட்சை வைத்து, தினமும் கொஞ்ச நேரம் தனியாகக் கூட்டிப்போய், இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்கென்றே இருக்கிற டீச்சர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாராம். வேறு தேசத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே செய்கிற ஏற்பாடு.

"நல்லதுதானே அக்கா?" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? அந்த ரூம்ல யாரு இருக்காங்க தெரியுமா? கூலி வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க. ஏ, பி, சி கூடத் தெரியாதுங்க. நம்ம பொண்ணு எல்.கே.ஜி.லேர்ந்து இங்கிலீஷ் மீடியம். நான் எம்.ஏ. அங்க போயி உக்காந்தா மத்த தமிழ்க்காரங்க நம்மள இன்னா நெனைப்பாங்க? வீட்ல இங்கிலீஷ்தான்னு சொல்லிட்டேன். தமிழ்னு ஒண்ணு இருக்கறதையே சொல்லல."

கடலூரில், வீட்டில் இங்கிலீஷ் இருக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்தோம். அதே பொய்யை அங்கேயும் மூட்டை கட்டி எடுத்துப்போய்விட்டாள். இங்கே இங்கிலீஷ் வராதவனுக்கு இடமில்லை. அங்கே இங்கிலீஷ் வராதவனுக்குத் தனி டீச்சர். கேட்ட கேள்வி ஒன்றுதான். இங்கே அது வெளியே தள்ளுவதற்கு, அங்கே அது கைகொடுப்பதற்கு. எம்.ஏ. படித்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. சேவல் கூவாத ஊரிலும் விடியும் என்று அவளிடம் யார் சொல்வது?

மகள் நேராகச் சாதாரண வகுப்பில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஏற்கனவே பழகின வழி. டீச்சர் பேசுவது இங்கிலீஷ்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். "மை மதர்" என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்களாம். அதை யாரும் இங்கே உருப்போட வைக்கவில்லையே. கடலூரில் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை. அங்கே பேசாத பிள்ளை நோயாளி. வெளிநாட்டிலிருந்து வந்தவள், மொழி தெரியவில்லை என்று இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். வீட்டில் பிறந்தது முதல் இங்கிலீஷ்தான் என்று சொல்லியிருக்கிறார்களே. அப்படியிருந்தும் இங்கிலீஷ் வரவில்லை என்றால் மூளையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். சோதனை மேல் சோதனை வைத்து, குறையுள்ள பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் சொன்னதை வைத்துத்தானே கணக்குப் போடுவார்கள்.

ஒருநாள், ஞாயிறு அல்லாத நாளில், அக்கா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். குரலில் கான்வென்ட் இல்லை.

"இந்தா, பாப்பா எப்ப பேச ஆரம்பிச்சா? முதல்ல இன்னா வார்த்தை சொன்னா? ஸ்பீச் டாக்டர் கேக்கறாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணுமாம்."

அடுப்பில் பால் இருக்கிறது, இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் அவசரப்படட்டும் என்று வேண்டுமென்றேதான் காக்க வைத்தேன். பிறகு சொன்னேன். "பத்து மாசத்துல பேசிட்டா. முதல் வார்த்தை 'போ'. ஆடு ஒண்ணு வாசலாண்ட வந்து நின்னிச்சி. கைய நீட்டி 'போ'ன்னா. அதுக்கப்புறம் நாள் பூரா எங்க எல்லாரையும் போ, போன்னுட்டு இருந்தா."

"போன்னு எப்படிச் சொல்றது? 'மம்மி'ன்னு சொல்லிடறேன்."

"அக்கா, அவகிட்ட தமிழ்ல கேக்கச் சொல்லுங்க. யாராச்சும் தமிழ்ல கேட்டா வாய் ஓயாம பேசுவா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல. வீட்ல தமிழ்தான்னு உண்மையச் சொல்லிடுங்க. அந்த ரூம்லயே உக்காரட்டும். ஒரு வருஷத்துல தேறிடுவா."

"இப்பப் போயி சொன்னா முதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிடும். பொய் சொன்னவங்கள வச்சிப்பாங்களா? இவர் வேலை இன்னா ஆவறது?"

என் கணவரிடம் சொன்னேன். நீங்களாவது உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், நம் பிள்ளையைப் பைத்தியம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று கத்தினேன். கையில் இருந்த காயிலைக் கீழே வைக்காமலே, "பெரியவங்களுக்குத் தெரியாதா? நீ வாய மூடு" என்றார். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதான்.

'தானே' புயல் அடித்து ஊரே மொட்டையாக நின்ற சமயத்தில், 2012 தொடக்கத்தில், அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே மற்றத் தமிழ்க் குடும்பங்கள் "உங்க பொண்ணு ஏன் அந்த கிளாஸ்ல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவமானமாக இருந்ததாம். சிதம்பரம் வீட்டுக்கு நான் ஓடினேன். மகள் வளர்ந்திருந்தாள். சோபாவில் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் கிட்டே போனேன். அவள் என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்குது. பெத்தவங்க வழியில யாருக்காவது இருந்திருக்கும்னு டாக்டரே சொன்னாங்க" என்று அக்கா எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். பரிசு வாங்கிய அன்று அவள் பிள்ளை. ஊமை என்று ஆனதும் என் பிள்ளை. "அப்ப பத்திரம்?" என்று கேட்டேன். "பத்திரம் விசாவுக்குத்தானே?" என்றாள். என் கணவர் சொன்ன அதே வார்த்தை. அவர் அங்கேதான் நின்றிருந்தார், மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

அன்று ராத்திரியும் மறுநாளும் மகள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு நிறைய ஆள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், எழு என்றால் எழுந்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டதோ, இத்தனை நாள் நான்தான் முட்டாள்தனமாக அடம்பிடித்தேனோ என்று தோன்றியது.

அக்கா அமெரிக்கா திரும்புவதற்கு முன்னால், மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லிவிடலாம் என்று எங்களைக் காரில் ஏற்றி அதே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பிரின்சிபால் அதே அம்மாள்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். குழந்தையின் நிலைமையை அக்கா இங்கிலீஷில் சொன்னாள். பிரின்சிபாலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "நீங்க மதர், நீங்க பக்கத்துல இருந்து..." என்று ஆரம்பித்தார்.

"நோ, நோ. நான் பெரியம்மா. இவுங்கதான் மதர்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"இவுங்க ஆயா இல்ல?"

"மதர்" என்றாள் அக்கா மறுபடியும்.

பிரின்சிபால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னை வேப்பமரத்தடியில் நிற்கவைத்துவிட்டு அக்கா உட்கார்ந்த நாற்காலி. உட்கார்ந்தேன். இந்தப் பிள்ளை பத்தாவது வந்தால் எங்கள் ரிசல்ட் அடிபடும், எங்களுக்கு எப்போதும் எல்லோரும் பாஸ், வேறு மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வேறு மாதிரிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பாருங்கள் என்று தமிழில் சொன்னார். எனக்காகத் தமிழில் சொன்னார்.

"மேடம், அவ பேசுவா. நீங்க தமிழ்ல ஒண்ணு கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் மகள் பக்கம் திரும்பி, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். நல்லபடியாகவே கேட்டார். மகள் மேஜையைப் பார்த்தாள். "சொல்லு கண்ணு" என்றேன். "இது யாருன்னாவது சொல்லு" என்று என்னைக் காட்டிக் கேட்டார் பிரின்சிபால். மூன்று வயதில் சாக்லேட் வாங்கித்தந்த அதே கேள்வி. மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறக்கவில்லை. பிரின்சிபால் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

அக்கா காரில் போய்விட்டாள். நானும் மகளும் நடந்தோம். பாலத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. புயலில் கரையோர மரமெல்லாம் போய் ஆறு பாதைபோலத் தெரிந்தது. நான் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவளை அடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. கடைசிக் கம்பம் தாண்டியபோது பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பினேன். அவள் கம்பத்தடியில் நின்றுகொண்டு பின்னால் பார்த்தாள். முன்னால் பார்த்தாள்.

"இப்ப கூப்புடலாமா?" என்றாள்.

தெளிவான தமிழ். ஒரு தடங்கல் இல்லை. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெறி. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி பாலத்தில் ஏறினேன். அந்த வெயிலில் திரும்ப அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்வரை இழுத்துப் போனேன். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"இங்க கூப்புடு. சத்தமா கூப்புடு. அந்தப் பொம்பளைக்குக் கேக்கணும்" என்று கத்தினேன்.

மகள் கேட்டைப் பார்த்தாள். உள்ளே வகுப்பு நடக்கிற சத்தத்தைக் கேட்டாள். "கூப்புடுடி!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். உதடு வெளுத்துப்போக இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சத்தம் வரவில்லை. "ஆயாம்மா, பாப்பாவ அடிக்காத, பெரியவங்க பார்த்தா உன் வேலை போயிடும்" என்றார் வாட்ச்மேன்.

விட்டுவிட்டேன். மறுபடியும் நடந்தோம். இந்தத் தடவை நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். கம்பம் வந்ததும் அவள் நின்று, பின்னால் பார்த்து, முன்னால் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.